வென்றது ஆட்டக்காரரா, ஆசானா?

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில், பாஸ்டன் நகருக்குச் சற்றுத் தெற்கே ஃபாக்ஸ்பரோ என்று ஒரு சிற்றூர். அந்த ஊர் ஸ்டேடியத்தின் வாசலில் 2025 ஆகஸ்டு மாதம் ஒரு வெண்கலச் சிலையைத் திறந்து வைத்தார்கள். பீடத்தோடு சேர்த்து 17 அடி உயரம். சிலைக்கு உரியவர் காலமானவர் அல்ல, வயது 48. திறப்பு விழாவுக்கு அவரே வந்திருந்து, தன் சிலையைத் தானே அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்! அவர் பெயர் டாம் பிராடி.

ஆறு மாதம் முழுசாகப் போகவில்லை. அதே ஊரில் 24 பருவங்கள் பயிற்சியாளராக இருந்த பில் பெலிச்சிக்கின் பெயர் வேறோர் இடத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் என்ற ஊரில் அமெரிக்கக் கால்பந்தின் புகழ் மண்டபம் இருக்கிறது. வாக்காளர்கள் 50 பேர். அவர்களில் 40 பேர் சம்மதித்தால்தான் உள்ளே இடம். ஆறு முறை சாம்பியன் பட்டம் வென்ற பயிற்சியாளருக்கு, 2026-ல், முதல் தடவையில், அந்த 40 வாக்குகள் கிடைக்கவில்லை.

ஒருவருக்கு வாசலில் சிலை. மற்றவருக்கு வாசற்கதவே திறக்கவில்லை. அந்த ஆறு பட்டங்களும் இருவரும் சேர்ந்து வாங்கியவை. பழைய வழக்கு புதிய உற்சாகத்தோடு மறுபடி கிளம்ப இது போதாதா?

நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் குழுவின் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஆண்டுகள் பல ஆகின்றன. ஜெயித்துக் கொடுத்தது பிராடியின் கைதான் என்பது ஒரு கட்சி. பெலிச்சிக் வகுத்த கட்டுப்பாடுதான், அங்கே யார் ஆடியிருந்தாலும் ஜெயித்திருக்கும் என்பது மறு கட்சி. லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இருவர் டேப்பு அடித்துப் பாடுவார்கள். விடிய விடியப் பாடினாலும் மன்மதன் எரிந்தானா இல்லையா என்பது தீராது. பாஸ்டன் லாவணியும் அப்படித்தான் நடக்கிறது.

கால் படாத கால்பந்து

வழக்கைக் கேட்குமுன் ஆட்டத்தைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. பெயர்தான் கால்பந்து. காலுக்கு அங்கே வேலை சொற்பம். உரித்த தேங்காயைப் போல இரண்டு பக்கமும் கூம்பிய ஒரு பந்து. பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் குழுவுக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு வாய்ப்பு. தவறினால் பந்து எதிரிக்கு.

ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்தை முதலில் கையில் வாங்குகிறவர் குவார்ட்டர்பேக். நூற்று முப்பது கிலோ ஆசாமிகள் நாலு பேர் அவரை நோக்கிப் பாய்ந்து வருவார்கள். அவர்கள் வந்து விழுவதற்குள், ஏறக்குறைய மூன்று வினாடியில், ஓடிக்கொண்டிருக்கும் தன் கூட்டாளிகளில் யாருக்குப் பந்தை எறிவது என்று அவர் தீர்மானிக்க வேண்டும். தவறாக எறிந்தால் எதிரி பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான். ஆட்டத்தின் மூளை அவர். சம்பளத்திலும் முதல் ஆள் அவர்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. எதிரி பந்து வைத்திருக்கும்போது குவார்ட்டர்பேக் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார். தடுப்பதற்கென்று வேறு 11 பேர் இறங்குவார்கள். உதைப்பதற்கு ஒரு ஆள் தனி. ஆகவே ஒரு குழு ஜெயிக்கும்போது பாதி ஜெயம் அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது கிடைத்ததாகவே இருக்கும். இரண்டு கட்சிக்கும் சாட்சி கிடைப்பதன் ரகசியம் இதுதான்.

199-வது பெயர்

கல்லூரிகளில் ஆடி முடித்த இளைஞர்களைக் குழுக்கள் ஆண்டுதோறும் வரிசை முறையில் பொறுக்கியெடுப்பது அங்கே வழக்கம். 2000-ம் ஆண்டு மிச்சிகன் கல்லூரியிலிருந்து வந்த பிராடி 199-வது ஆளாகப் பொறுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் போய்விட்டார்கள். ஆள் ஒல்லி, ஓட்டம் மந்தம். முதல் பருவம் முழுவதிலும் அவர் எறிந்த பந்துகள் மூன்று. அதில் ஒன்றுதான் கூட்டாளி கையில் விழுந்தது!

"அந்த ஆளைக் கண்டுபிடித்ததே பெலிச்சிக்தானே!" என்கிறது ஒரு கட்சி. "அப்படியானால் ஐந்து சுற்று முடியும் வரை ஏன் சும்மா இருந்தார்?" என்கிறது மறு கட்சி. இரண்டும் சரியான கேள்விகள்தான்.

அப்போது குழுவின் குவார்ட்டர்பேக் டுரூ பிளெட்ஸோ. 2001 மார்ச்சில்தான் அவருக்கு 10 ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தச் செப்டம்பர் 23-ந் தேதி நியூயார்க் ஜெட்ஸ் குழுவுடன் ஆடும்போது எதிரி ஒருவர் மோதியதில் பிளெட்ஸோவுக்கு மார்புக்குள் ரத்தம் கசிந்தது. உயிர் பிழைத்ததே பெரிது. பிராடி உள்ளே இறங்கினார்.

சில வாரங்களில் பிளெட்ஸோ குணமடைந்து திரும்பினார். பத்துக் கோடி டாலர் மனிதரைப் பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டு, 199-வது ஆளையே ஆட வைத்தார் பெலிச்சிக். வேறு பயிற்சியாளர் யாருக்கும் அந்தத் துணிச்சல் வந்திருக்குமா என்பது சந்தேகம். 2002 பிப்ரவரி 3-ந் தேதி இறுதி ஆட்டம். செயின்ட் லூயிஸ் ராம்ஸ்தான் ஜெயிக்கும் என்று நாடே சொல்லிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மைதானத்துக்குள் அழைப்பது அந்நாளைய வழக்கம். பேட்ரியட்ஸ் அதற்கு இணங்காமல் எல்லோரும் ஒரே கும்பலாக ஓடி வந்தார்கள். கடைசி வினாடியில் ஆடம் வினாட்டியேரி 48 கெஜத் தூரத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போயிற்று. 20-க்கு 17. முதல் பட்டம்.

பிளெட்ஸோவை அந்த ஆண்டே பஃபலோ குழுவுக்குத் தள்ளிவிட்டார்கள்.

இரு தரப்புச் சாட்சிகள்

பிராடி கட்சியின் முதல் சாட்சி கணக்குப் புத்தகம். பெலிச்சிக் 1991 முதல் 1995 வரை கிளீவ்லாந்தில் பயிற்சியாளராக இருந்தார். 36 வெற்றி, 44 தோல்வி. பேட்ரியட்ஸுக்கு வந்த முதல் வருஷம் 5 வெற்றி, 11 தோல்வி. அடுத்த வருஷம் முதல் இரண்டு ஆட்டமும் தோல்வி. அதாவது பிராடி இறங்குமுன் அவருடைய கணக்கு 41-க்கு 57. பிராடி இறங்கிய பின்? 2019 வரை பேட்ரியட்ஸில் பிராடி தொடங்கிய லீக் ஆட்டங்களில் 219 வெற்றி, 64 தோல்வி!

பெலிச்சிக் கட்சி மடியிலிருந்து 2008-ம் ஆண்டை எடுத்து வைக்கும். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே பிராடியின் முழங்கால் பிய்ந்தது. மேட் காசெல் என்பவர் இறங்கினார். கல்லூரியில் கூட முதல் ஆட்டக்காரராக ஆடியறியாதவர். அவரை வைத்துக்கொண்டு 11 வெற்றி, 5 தோல்வி! "ஆள் யாராயிருந்தால் என்ன, பார்த்தீர்களா?" என்பார்கள். "முந்தின வருஷம் பிராடி ஆடி 16-க்கு 16 ஜெயித்த குழு அது. ஐந்து குறைந்ததே, அது கணக்கில் சேராதா?" என்று பதில் வரும்.

2015 பிப்ரவரி இறுதி ஆட்டம் இரு கட்சிக்கும் தித்திப்பு. பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த குழுவைக் கடைசிப் பகுதியில் பிராடி இரண்டு முறை கரையேற்றினார். ஆனாலும் எதிரியான சியாட்டில், எல்லைக் கோட்டுக்கு ஒரு கெஜத்தில் வந்து நின்றது. மிச்சம் இருந்தது அரை நிமிஷம்கூட இல்லை. மால்கம் பட்லர் என்ற புதிய பையன், எந்தக் குழுவாலும் பொறுக்கப்படாதவன், குறுக்கே பாய்ந்து பந்தைப் பிடித்துவிட்டான். அந்த வாரப் பயிற்சியில் எதிரி அப்படித்தான் எறிவான் என்று சொல்லி அதே ஆட்டத்தை ஆடிக் காட்டியிருந்தார்கள். அப்போது பட்லர் தவறவிட்டு ஏச்சு வாங்கியிருந்தான். அப்படியானால் பட்டம் யாருடையது? எறிந்து முன்னேற்றியவருடையதா? ஏசிக் கற்றுக்கொடுத்தவருடையதா? அல்லது இரண்டு கட்சியும் அடிக்கடி மறந்துவிடும் அந்தப் பையனுடையதா?

2017 பிப்ரவரியில் அட்லாண்டாவிடம் 3-க்கு 28 என்று தோற்றுக்கொண்டிருந்து 34-க்கு 28 என்று ஜெயித்தார்களே, அதைப் பிராடி கட்சியார் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அடுத்த ஆண்டு பிராடி 505 கெஜத்துக்கு எறிந்தும் பிலடெல்பியாவிடம் தோற்றார்கள். அன்று பெலிச்சிக் தடுப்பு ஆட்டத்தில் பட்லரை இறக்கவே இல்லை. பெஞ்சியில் கண்ணீரோடு நின்றவனை நாடே பார்த்தது. ஏன் இறக்கவில்லை என்று கேட்டதற்குத் திருப்தியான பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

குழுவுக்கு இரண்டு கறைகளும் உண்டு. 2007-ல் எதிரிப் பயிற்சியாளர்களின் சைகைகளைப் படம் பிடித்ததற்காகப் பெலிச்சிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம். 2015-ல் பந்தின் காற்றைக் குறைத்த விவகாரம். அதில் பிராடிக்கு நான்கு ஆட்டத் தடை விதித்து, கோர்ட்டு வரை போய், 2016-ல் அனுபவித்தார். வெளியூர் ரசிகர்கள் இந்த இரண்டையும் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. உள்ளூர்க்காரர்கள் இந்த இரண்டை மட்டும் பேசுவதில்லை!

ஏச்சு வாங்கிய நட்சத்திரம்

பேட்ரியட்ஸ் வழி என்று ஒன்றைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் இருபது வருஷம் எழுதின. உன் வேலையை நீ பார் என்பதுதான் அதன் சூத்திரம். பெலிச்சிக் கை வெட்டிய பழைய பனியன் சட்டையில் வருவார். நிருபர்கள் பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை சொல்வார். 2014-ல் கான்ஸாஸ் சிட்டியிடம் 14-க்கு 41 என்று உதை வாங்கிய வாரம், பிராடிக்கு 37 வயதாகிவிட்டதே என்று கேட்டார்கள். அடுத்த எதிரியின் ஊர் பெயரைத்தான் அவர் பதிலாகச் சொன்னார். வேறு விதமாகக் கேட்டார்கள். மறுபடியும் அதே ஊர் பெயர்.

கட்டுப்பாடு வேண்டும் என்று எல்லாக் குழுவும்தான் சுவரில் எழுதி வைக்கிறது. இங்கே மட்டும் அது எப்படி நின்றது?

திங்கட்கிழமை நடக்கும் கூட்டத்தில் முந்தின ஆட்டத்தின் படத்தைத் திரையில் ஓட்டுவார்கள். ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெலிச்சிக் முதலில் ஏசுவது பிராடியைத்தான் என்று மாஜி ஆட்டக்காரர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பையன் கூட இதைவிட நன்றாக எறிவான் என்ற தினுசில் ஏச்சு விழும். உலகப் புகழ் பெற்ற மனிதர் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். நேற்று வந்த பையன் அதைப் பார்ப்பான். அவருக்கே இந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம் என்று அவனுக்குத் தோன்றும். அதற்கு மேல் அந்தக் கூட்டத்தில் யார் முணுமுணுப்பார்கள்?

ஏசுவதற்குப் பெலிச்சிக்குக்குத் தைரியம் வேண்டும்; வாங்குவதற்குப் பிராடிக்குப் பொறுமை வேண்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் அந்த வழி அன்றே முடிந்திருக்கும். இரண்டு கட்சியும் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுகின்றன.

உச்சவரம்பு செய்த வேலை

ஏச்சை விட முக்கியமான விஷயம் காசு.

1994 முதல் அமெரிக்கக் கால்பந்தில் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. ஒரு குழு தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வருஷத்தில் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று விதி. முதலாளி குபேரனாக இருந்தாலும் அதற்கு மேல் போக முடியாது. ஆகவே ஒருவர் இலையில் அதிகம் விழுந்தால் மற்றவர் இலையில் குறையும். பெரிய குவார்ட்டர்பேக்கை வைத்திருக்கும் குழுக்கள் பலவும் இதனால்தான் நான்கைந்து வருஷத்தில் மெலிந்துபோகின்றன.

2013-ல் நடந்ததைப் பாருங்கள். அந்த ஆண்டு பட்டம் வென்ற பால்டிமோரின் ஜோ ஃபிளாக்கோவுக்கு ஆறு வருஷத்துக்கு 12 கோடி டாலருக்கு மேல் எழுதினார்கள். கிரீன் பேயின் ஆரன் ராட்ஜர்ஸுக்கு ஐந்து வருஷ நீட்டிப்புக்கு 11 கோடி. அப்போது மூன்று பட்டம் வாங்கியிருந்த பிராடி, மூன்று வருஷ நீட்டிப்புக்குக் கையெழுத்திட்டது 2 கோடி 70 லட்சத்துக்கு! இது முழுக்கத் தருமம் என்று சொல்லிவிட முடியாது. முன்பணமும் உத்தரவாதமும் வாங்கிக்கொண்டுதான் கையெழுத்திட்டார். அப்போது அவர் மனைவியாக இருந்த ஜிசெல் பண்ட்ஷென் உலகத்திலேயே அதிகம் சம்பாதித்த மாடல் அழகி என்பதையும் ரசிகர்கள் கண் சிமிட்டிச் சொல்வார்கள். வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும், விட்டுக் கொடுத்தது விட்டுக் கொடுத்ததுதான்.

அப்படி மிச்சமான பணத்தில்தான் பெலிச்சிக் தடுப்பாட்டக்காரர்களை வாங்கினார். பத்து பேரில் ஒருவன் கைவிட்டுப் போனாலும் பதினோராவது ஆள் தயார் என்று பெருமை பேசப்பட்ட அமைப்பு, ஒரு பகுதி பிராடியின் பையிலிருந்து கட்டப்பட்டது. பெலிச்சிக் கட்சியார் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு யாரை வாங்குவது என்று பெலிச்சிக்குக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிராடி கட்சியார் ஒப்புக்கொள்வதில்லை.

கறிவேப்பிலை

வாசனைக்குப் போட்டுவிட்டு, சாப்பிடும்போது எடுத்து ஓரத்தில் வைப்பது கறிவேப்பிலை. பேட்ரியட்ஸில் அந்தக் கதிக்கு ஆளாகாத நட்சத்திரங்கள் சிலர்தான்.

2003-ல் பருவம் தொடங்க ஐந்தே நாள் இருக்கும்போது, தோழர்களின் செல்லப் பிள்ளையான லாயர் மில்லாயைச் சம்பளத் தகராறில் வெளியே அனுப்பினார் பெலிச்சிக். மில்லாய் நேரே பஃபலோவில் போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டமே பஃபலோவுடன்! 0-க்கு 31 என்று பேட்ரியட்ஸ் தோற்றது. குழு உடைந்தது என்று எல்லோரும் எழுதினார்கள். அதே பருவத்தின் கடைசி லீக் ஆட்டத்தில் மறுபடி பஃபலோ. இந்தத் தடவை 31-க்கு 0 என்று பேட்ரியட்ஸ் ஜெயித்தது, பட்டத்தையும் வென்றது. அன்றிலிருந்து, பெலிச்சிக் யாரை வெளியேற்றினாலும் காரணம் இருக்கும் என்று ரசிகர்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளப் பழகினார்கள்.

2006-ல் வினாட்டியேரி போனார். 2009-ல் ரிச்சர்ட் சீமோர். 2010-ல் ராண்டி மாஸ். 2013-ல் வெஸ் வெல்க்கர். 2014-ல் லோகன் மாங்கின்ஸ். ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் முணுமுணுப்பு. மூன்றாம் நாள் கைதட்டல். உணர்ச்சிக்கு இடம் கொடுக்காத மனிதர் என்று புகழ்ந்தார்கள். ஒரு வருஷம் முன்னால் அனுப்புவது ஒரு வருஷம் பின்னால் அனுப்புவதை விட மேல் என்பது பாஸ்டன் டீக்கடை, இல்லை, பாஸ்டன் பீர்க்கடைத் தத்துவமாகவே ஆகிவிட்டது.

இந்த அளவுகோல் ஒருநாள் பிராடியின் மேலும் வைக்கப்படும் என்பது கூட்டிப் பார்த்தால் தெரிகிற கணக்கு. 2014-ல் ஜிம்மி கராப்பலோ என்ற இளைஞரைப் பொறுக்கியெடுத்தபோதே, டாமின் வயதும் ஒப்பந்த நிலையும் தெரிந்ததுதானே என்று பெலிச்சிக் வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் பிராடி கிழடு தட்ட மறுத்தார்! அதற்கப்புறம் மூன்று பட்டம் வாங்கினார். 45 வயது வரை ஆடுவேன் என்றார். 2017 அக்டோபரில் அந்த இளைஞரைத்தான் சான்பிரான்சிஸ்கோவுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. பிராடியின் சொந்த உடற்பயிற்சி ஆசாமி அலெக்ஸ் கரேரோவுக்கு அந்தப் பருவத்தில் இருந்த சலுகைகளைப் பெலிச்சிக் குறைத்தார். ஒரே கூரையின் கீழ் இரண்டு வைத்தியம் கூடாது என்பது அவர் கட்சி. சில்லறை விஷயம்தான். நெடுநாளைய குடித்தனங்களில் சண்டை சில்லறை விஷயத்தில்தான் வெளியே தெரியும்.

2019-ல் நீண்ட ஒப்பந்தம் வரவில்லை. அந்த ஒரு வருஷத்துக்குச் சம்பளத்தை உயர்த்தி 2 கோடி 30 லட்சம் ஆக்கினார்கள். வருஷ முடிவில் விருப்பப்படி போகலாம் என்று எழுதிக்கொண்டார் பிராடி. 2020 ஜனவரி 4-ந் தேதி டென்னஸியுடன் நடந்த ஆட்டத்தில் அவர் பேட்ரியட்ஸுக்காக எறிந்த கடைசிப் பந்தை எதிரி பிடித்துக்கொண்டு போய்ப் புள்ளி எடுத்தான். பிடித்த லோகன் ரயன் பழைய பேட்ரியட். டென்னஸியின் பயிற்சியாளர் மைக் வ்ரேபிளும் பழைய பேட்ரியட்! மார்ச் 17-ந் தேதி பிராடி விடை பெற்றார்.

அன்று அழுத ரசிகர்கள் ஏராளம். மில்லாய்க்கும் சீமோருக்கும் கைதட்டிய அதே ரசிகர்கள்தான். இருபது வருஷம் உழைத்தவனை எப்படி அனுப்புவது என்ற கேள்வி, தங்களுக்குப் பிடித்தமானவன் போகும்போதுதான் அவர்களுக்குக் கேள்வியாகத் தெரிந்தது. பிராடி, பெலிச்சிக் என்று பெயர் சொல்லி அவர்கள் சண்டை போட்டாலும், அடியில் கிடந்து உறுத்துவது இதுதான் போலிருக்கிறது.

பிரிந்த பின்

அடுத்து நடந்ததைப் பார்த்தால் தீர்ப்பே வந்துவிட்டது போல இருக்கும். பிராடி போய்ச் சேர்ந்த டாம்பா பே, 2007-க்குப் பிறகு நாக்-அவுட் கட்டத்தையே கண்டறியாத குழு. அவர் போன முதல் பருவத்திலேயே, 2021 பிப்ரவரி 7-ந் தேதி, 43 வயதில், கான்ஸாஸ் சிட்டியை 31-க்கு 9 என்று தோற்கடித்துப் பட்டம் வாங்கினார். அது அவருக்கு ஏழாவது. பெலிச்சிக்கோ அடுத்த நான்கு பருவத்தில் 29 வெற்றி, 38 தோல்வி. 2024 ஜனவரியில் பேட்ரியட்ஸை விட்டார். வட கரோலினா பல்கலைக்கழகக் குழுவுக்குப் போய் 2025-ல் 4 வெற்றி, 8 தோல்வி.

ஆனால் வழக்கு அத்தனை சுலபமல்ல. டாம்பாவில் பந்தைப் பிடிக்கவும் தடுக்கவும் நல்ல ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள்; குறை இருந்தது எறிகிற இடத்தில். முந்தின பருவத்தில் அங்கே எறிந்தவர் எதிரி கையில் கொடுத்த பந்துகள் 30! அதோடு, பிராடி அங்கே வெறும் கையோடு போகவில்லை. ஓய்வு பெற்றிருந்த ராப் கிராங்கௌஸ்கியை வரவழைத்தார். இருபது வருஷம் கற்ற பழக்கங்களைக் கொண்டுபோனார். ஆசான் கற்றுக் கொடுத்த வித்தையோடு வெளியூர் போய் ஜெயித்தால் அது யார் கணக்கில் சேரும்? டாம்பாவில் அவருடைய மூன்றாவது பருவம் 8 வெற்றி, 9 தோல்வி என்று முடிந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

போதாததற்கு ஒரு வேடிக்கை. 2025-ல் பேட்ரியட்ஸுக்குப் பயிற்சியாளராக வந்தவர் அதே மைக் வ்ரேபிள். முந்தின இரண்டு பருவமும் 4 வெற்றி, 13 தோல்வி என்று கிடந்த குழு, டிரேக் மே என்ற இளம் குவார்ட்டர்பேக்கோடு 14 வெற்றி, 3 தோல்வி என்று எழுந்து, 2026 பிப்ரவரியில் இறுதி ஆட்டம் வரை போய்ச் சியாட்டிலிடம் தோற்றது. பிராடியும் இல்லை, பெலிச்சிக்கும் இல்லை! பழைய வழியில் வளர்ந்தவர் ஒருவர் இருந்தார் என்று பெலிச்சிக் கட்சி சொல்கிறது. நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்ததும் எல்லாம் சரியாயிற்று என்று பிராடி கட்சி சொல்கிறது. எதைக் கொடுத்தாலும் தங்கள் பக்கமே சேர்த்துக்கொள்ளும் சாமர்த்தியம் இரண்டு பேருக்கும் இருக்கிறது.

சம்பந்தப்பட்ட இருவரும் இந்தச் சண்டையில் அத்தனை ஆவலாக இல்லை. 2024 ஜூனில் பேட்ரியட்ஸ் மண்டபத்தில் பிராடியைக் கௌரவித்தபோது பெலிச்சிக் வந்திருந்தார். உன்னாலும் அல்ல, என்னாலும் அல்ல, நம்மால் என்ற பொருள்படப் பிராடி மேடையில் பேசினார். கூட்டம் ஆரவாரம் செய்தது. வீட்டுக்குப் போய்ப் பழையபடி சண்டையைத் தொடர்ந்தது.

அதற்கு முன்னால், 2021 அக்டோபர் 3-ந் தேதி இரவு, ஃபாக்ஸ்பரோவில் மழை. டாம்பா சட்டையில் பிராடி முதல் தடவையாகத் திரும்பி வந்தார். ஆட்டத்துக்கு முன் அவர் ஓடி வந்தபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆட்டம் தொடங்கிப் பந்து அவர் கைக்கு வந்ததும் ஊளையிட்டார்கள். பேட்ரியட்ஸ் கடைசி நிமிஷத்தில் 56 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. 19-க்கு 17 என்று டாம்பா ஜெயித்தது. மைதானத்தில் இருவரும் ஒரு கணம் தழுவிக்கொண்டு பிரிந்தார்கள். இவ்வளவுதானா என்று ரசிகர்கள் ஏமாந்தார்கள். பிறகு பெலிச்சிக் எதிரியின் உடை மாற்றும் அறைக்குத் தானே போய், பிராடியோடு இருபது நிமிஷத்துக்கு மேல் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று இருவருமே விவரம் சொல்லவில்லை.

2028-ல் பிராடியின் பெயர் கேன்டன் மண்டபத்துக்கு வாக்கெடுப்புக்கு வரும். அவருக்கு 40 வாக்கு கிடைக்குமா என்று யாரும் கவலைப்படவில்லை. உள்ளே போகிறவர் தன்னை மேடையில் அறிமுகம் செய்து வைக்க ஒருவரைத் தாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது அங்கே மரபு. பிராடி யாரைக் கூப்பிடுவார்? அதற்குள் பெலிச்சிக்குக்கு மண்டபத்தின் கதவு திறந்திருக்குமா?